சேர்த்துப் போட்ட கட்டில்

மெத்தை சரியில்லை என்று சொல்லிவிட்டுத்தான் அவர் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். கோபித்துக்கொண்டு போயிருந்தால் சமாதானம் பேசலாம். சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் பதிலுக்கு நாமும் நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். மெத்தையைக் குறை சொல்லிவிட்டுப் போகிற புருஷனை என்ன செய்வது? மெத்தையைத்தான் மாற்ற வேண்டும். அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. அதற்காக அவளை யாரும் அசடு என்று சொல்லிவிடக் கூடாது, ஏனென்றால் கட்டிலும் மெத்தையும்தான் அவளுடைய பிழைப்பு.

நகரத்தின் நடுவில் இருந்த ஒரு பெரிய ஓட்டலில் மூன்று மாடி அறைகளுக்கு அவள் பொறுப்பு. விரிப்பு மாற்றுவது, மெத்தை தட்டுவது, தலையணை நிமிர்த்துவது என்று அவள் வயதெல்லாம் கட்டிலைச் சுற்றியே போயிருந்தது. விரிப்பின் மூலையை மடித்துச் செருகுவதில் அவள் காட்டும் பிடிவாதத்தைப் பார்த்து, கூட வேலை செய்கிற பெண்கள் அவளுக்கு நாலுமூலை அக்கா என்று பேர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் வெறும் நாலுமூலை. அது அவள் காதுக்கு வராமல் இல்லை. மூன்று மூலையை ஒழுங்காக மடித்துவிட்டு நாலாவதில் ஏமாற்றுகிறவர்கள் வைத்த பேர்தானே என்று விட்டுவிட்டாள்.

அந்த ஓட்டலில் பெரிய கட்டில் என்று ஒன்று கிடையாது. எல்லா அறையிலும் இரண்டு சின்னக் கட்டில்கள்தான், சக்கரம் வைத்தவை. காலையில் வரவேற்பிலிருந்து போனில் சொல்வார்கள்: இந்த அறை சேர்த்து, அந்த அறை தனி. கணவன் மனைவி வந்தால் சேர்த்து. ஆபீஸ் காரியமாக இரண்டு பேர் வந்தால் தனி. சேர்ப்பதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். இரண்டையும் நெருக்கித் தள்ளி, அடியில் இருக்கும் கொக்கியைக் காலால் ஓர் அமுக்கு அமுக்கினால் பிடித்துக்கொள்ளும். மேலே இரண்டு மெத்தைகளையும் ஜிப் போட்டு இணைத்து, பெரிய விரிப்பாக ஒன்றை இழுத்து விரித்துவிட்டால் பெற்ற தாய்க்குக்கூட அது இரண்டு கட்டில் என்று தெரியாது. பிரிப்பது அதைவிடச் சுலபம். காலையில் எத்தனை ஜோடிகளைச் சேர்த்து வைத்தாய், எத்தனை ஜோடிகளைப் பிரித்து வைத்தாய் என்று கீழ்த்தளத்து லாண்டரிக்காரி தினமும் கேட்பாள். ஓட்டலில் அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதி அந்த லாண்டரிக்காரிதான்.

அவள் புருஷன் பஸ் டிரைவர். டிப்போவில் அவருக்குச் சைலன்சர் என்று பேர். வண்டி கத்தும், ஆள் கத்த மாட்டார். கத்துவது என்ன, பேசவே மாட்டார். கல்யாணமான புதிதில் அதை அவள் அடக்கம் என்று நினைத்தாள், பிறகு அலுப்பு என்று நினைத்தாள், அதற்கும் பிறகு எதுவும் நினைக்கவில்லை. வீட்டில் ஒரு படுக்கையறை, ஒரு கூடம், நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் எட்டி எடுத்துவிடக்கூடிய ஒரு சமையலறை. மகள் படித்து, வேலை கிடைத்து, வேறு நகரத்துக்குப் போகும்வரை கூடத்தின் ஜன்னலோர மூலைதான் அவளுடைய ராஜ்ஜியம். அவள் போன பிறகு அங்கே ஒரு சோபா வந்தது. அந்தச் சோபாவில்தான் இப்போது சைலன்சர் படுத்தார்.

சோபா அவர் உயரத்துக்குப் போதாது. கால் இரண்டும் கைப்பிடி மேல் ஏறி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில் இரண்டு திண்டுகளும் சேருகிற இடத்தில் ஒரு பள்ளம், இடுப்பு சரியாக அதில் போய் விழும். நாள் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற இடுப்புவலிக்காரர் படுக்கக் கூடாத இடம் என்று ஒன்று உண்டென்றால் அது அந்தச் சோபாதான். கண் இருக்கிற யாருக்கும் அது தெரியும். அவளுக்கும் கண் இருந்தது. ஆனால் 'மெத்தை சரியில்லை' என்ற வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதை விட்டால் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

அவருக்கு வேறு யாராவது இருக்கிறார்களோ என்று யோசிக்காமல் இல்லை. யோசித்துப் பார்த்துச் சிரிப்புத்தான் வந்தது. டிப்போ, வீடு, டிப்போ என்று போய்வருகிற மனிதர், நடுவில் ஒரு நிறுத்தம்கூடக் கிடையாது. ஆகவே மெத்தைதான். மெத்தையைச் சரி செய்தால் அவர் உள்ளே வந்துவிடுவார். வந்து பேச வேண்டும் என்றோ கொஞ்ச வேண்டும் என்றோ அவள் ஆசைப்படவில்லை. பக்கத்தில் ஒரு மூச்சுச் சத்தம் வேண்டும். இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு ஒரு மனுஷி அதைக்கூடக் கேட்கக் கூடாதா?

முதலில் பழைய மெத்தையைப் புரட்டிப் போட்டுப் பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய மெத்தை. இரண்டு பக்கமும் இரண்டு குழி, நடுவில் தலையிலிருந்து கால்வரை வரப்பு கட்டியதுபோல் ஒரு மேடு. ஓட்டலில் இதுபோன்ற மெத்தையைப் பார்த்திருந்தால் அவள் ஒரு நிமிஷம் வைத்திருக்க மாட்டாள். அந்த மேட்டைக் கையால் அமுக்கிப் பார்த்தாள். வாங்கிய அன்று இருந்ததுபோலவே விறைப்பாக இருந்தது. அந்த இடத்தில் மட்டும் யாரும் படுத்ததில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. தலைமாட்டைக் கால்மாட்டாக மாற்றிப் போட்டாள்.

மெத்தையைத் தூக்கியபோது கட்டிலின் லட்சணமும் தெரிந்தது. குறுக்குச் சட்டங்களில் ஒன்று விரிசல் விட்டிருந்தது, இன்னொன்று ஆணியிலிருந்து கழன்று தொங்கியது. மேலே போட்டிருந்த பிளைவுட் பலகை நடுவில் வளைந்திருந்தது. ஆஹா, பிடித்துவிட்டோம் என்று அவளுக்கு ஏக சந்தோஷம். தச்சரைக் கூப்பிட்டுச் சட்டத்தை மாற்றி, புதுப் பலகை அறைந்து, மறுபடி மெத்தையைப் போட்டு, விரிப்பை நாலு மூலையும் கத்தி போல மடித்துச் செருகிவிட்டு அவரைக் கூப்பிட்டாள். காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து ஓரமாகப் படுத்துப் பார்த்தார். கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னும் குத்துதும்மா," என்றார்.

எங்கே குத்துகிறது என்று கேட்டாள். பொதுவாக என்றார். பிறகு எழுந்து சோபாவுக்குப் போய்விட்டார்.

மகளிடம் போனில் சொன்னபோது அவள் அம்மாவைத்தான் கடிந்துகொண்டாள். அந்த மெத்தைக்கு என்னைவிட வயசு அதிகம், அதைப் போய் ஒட்டுப்போட்டுக்கொண்டு இருக்கிறாயே, ஊருக்கெல்லாம் நல்ல படுக்கை போட்டுக் கொடுக்கிறவள் வீட்டில் இப்படியா என்றாள். அதுவும் நியாயம்தான். கட்டில், மெத்தை இரண்டையும் தலைமுழுகிவிடுவது என்று அவள் முடிவு செய்தாள். அவரிடம் சொன்னதும் சரி என்றார். எதற்கும் அவர் சரி என்றுதான் சொல்வார். ஆனால் கடைக்கு நீங்களும் வந்து படுத்துப் பார்த்தால்தான் ஆச்சு என்று அவள் விடாப்பிடியாக நின்றாள். விடுமுறை நாளைப் பறிகொடுத்த முகத்தோடு அவர் கிளம்பினார்.

கடை ஒரு மைதானம் அளவு இருந்தது. கண்ணுக்கு எட்டியவரை மெத்தைகள். டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் இவர்களைப் பார்த்ததும் ஓடிவந்து ஒட்டிக்கொண்டார். ஒவ்வொரு மெத்தையின் கால்மாட்டிலும் பிளாஸ்டிக் தாள் விரித்திருந்தது, செருப்போடே படுக்கலாமாம். இரண்டு பேரும் சேர்ந்து படுங்கள், அப்போதுதான் ஒருத்தர் புரண்டால் இன்னொருத்தருக்கு ஆட்டம் தெரிகிறதா என்று பார்க்க முடியும் என்றார். பட்டப்பகலில், போகிற வருகிறவர்கள் பார்க்க, புருஷனோடு படுப்பதற்கு அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்வானேன், சந்தோஷமாகவும் இருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பக்கத்தில் படுக்கிறார். தோள் தோளில் பட்டது. அவர் கொஞ்சம் நகர்ந்து படுத்தார்.

"சார் எந்தப் பக்கம் படுப்பீங்க?" என்று டைக்காரர் கேட்டார்.

அவர் யோசித்தார். அவள்தான் வலது பக்கம் என்று பதில் சொன்னாள்.

நார் மெத்தை, நுரை மெத்தை, ஸ்பிரிங் மெத்தை என்று ஒன்று விடவில்லை. அவர் எல்லாவற்றிலும் கையை நெஞ்சின் மேல் கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்தார். எல்லாவற்றுக்கும் பரவாயில்லை என்றார். குத்துகிறதா என்றால் தெரியவில்லை என்றார். டைக்காரருக்கே பொறுமை போய்விட்டது. வாயில்லாப் பூச்சியிடம் வியாபாரம் பேசுவது லேசான காரியமா? அவளுக்கோ கண் கலங்கிவிடும் போலிருந்தது. இவ்வளவு மெத்தை இருக்கிற கடையிலும் ஒன்றுகூட அவரை அசைக்கவில்லையே என்று இருந்தது.

கடைசியாக, உள்ளே தனித்தனிப் பைகளில் ஸ்பிரிங் வைத்துத் தைத்த ஒரு மெத்தை. அதிலும் இரண்டு பேரும் படுத்தார்கள். அதிலும் பரவாயில்லை. மெத்தை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அடியில் இருக்கிற கட்டில் சரியில்லை என்றால் எல்லாம் வீண் என்று டைக்காரர் ஆரம்பிக்க, அது எனக்குத் தெரியாதா என்று அவள் எழுந்து, கடையின் மறுகோடியில் இருந்த கட்டில்களைப் பார்க்க டைக்காரரோடு போனாள். ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, சட்டத்தின் இடைவெளியை விரல் விட்டு அளந்துவிட்டுத் திரும்பி வந்தபோது புருஷன் அந்த மெத்தையிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். சும்மா கண்ணை மூடியது இல்லை. வாய் திறந்து, கை இரண்டும் இரண்டு பக்கமும் விழுந்து, மெத்தை முழுவதையும் அடைத்துக்கொண்டு, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாரோ ஒரு பெண்மணி பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

அவளுக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. இதுதான், இதுவேதான் என்று டைக்காரரிடம் சொன்னாள். எழுப்ப மனசு வராமல், அவர் தானாக எழும்வரை கொஞ்சம் தள்ளி ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்த்தீர்களா, கடைசியில் அவருக்கு ஏற்றதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்ல வேண்டும் போலிருந்தது.

கட்டில்தான் சிக்கல் ஆயிற்று. அவர்கள் வீடு மூன்றாவது மாடி. படிக்கட்டு ஒடுக்கம், திருப்பத்தில் பெரிய கட்டில் எதுவும் ஏறாது. இரண்டு பாதியாக வருகிற கட்டில் இருக்கிறது என்று டைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார், சிலருக்கு அது பிடிப்பதில்லையாம். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அடியில் கொக்கி, நாலு பக்கமும் சக்கரம். ஓட்டலில் அவள் தினமும் உருட்டுகிற அதே கட்டில். மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கியிருப்பார்கள். அவள் வேறு எதையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மெத்தையையும் இரண்டாகவே கேட்டாள். அவருக்கு விறைப்பாக ஒன்று, தனக்குக் கொஞ்சம் மெதுவாக ஒன்று, நடுவில் ஜிப். யார் எடைக்கு எது என்று டைக்காரருக்கே வகுப்பு எடுத்தாள். கிளம்பும்போது விரிப்பும் ஒன்று வாங்கினாள், இருந்ததிலேயே பெரியது. நடுவில் இருக்கிற கோடு தெரியாமல், இரண்டு பக்கமும் தாராளமாகத் தொங்க வேண்டும். வெளிர் பச்சை, ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கரை. அதை மட்டும் அவர் கையில் கொடுக்காமல் தானே மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தாள்.

கட்டில் வந்த அன்று பழைய கட்டிலைக் கழற்றி, பழைய மெத்தையைச் சுருட்டிக் கட்டி, படியில் இழுத்துக்கொண்டு போனார்கள். அதை அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கொண்டுவந்தவர்கள் இரண்டு பாதிகளையும் அறையில் வைத்துவிட்டுப் போனதும், அவரைக் கூப்பிட்டாள். சேர்ப்பதை அவர் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. இத்தனை வருஷத்தில் அவள் வேலை செய்வதை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. சக்கரத்தின் பூட்டை எப்படி எடுப்பது, எப்படி நெருக்கித் தள்ளுவது, கொக்கியை எங்கே அமுக்குவது என்று ஒவ்வொன்றாகச் செய்துகாட்டினாள். கழற்ற வேண்டும் என்றால் அதே கொக்கியைக் கால் விரலால் மேலே தூக்க வேண்டும் என்பதையும் சொன்னாள். ஓட்டலில் ஒரு ஆள் மட்டும் தங்க அறை கேட்டால், ஒரு கட்டிலை எடுத்துவிட்டு மற்றதை எங்கே போடுவார்கள் என்றுகூடச் சொன்னாள். சுவரோடு ஒட்டிப் போட்டால் ஏதோ குறைந்ததுபோல் தெரியும், அறையின் நடுவுக்குத் தள்ளி, பக்கத்தில் ஒரு சின்ன மேசை வைத்துவிட்டால் ஆரம்பத்திலிருந்தே ஒருத்தருக்கான அறை மாதிரி இருக்கும். அவர் குனிந்து, முட்டிபோட்டு, கொக்கியைத் தொட்டுப் பார்த்தார். டயரைத் தவிர வேறு எதையும் அவர் குனிந்து பார்த்து அவள் கண்டதில்லை.

"ஒரு ஆளா தள்ள முடியுமா?" என்று கேட்டார்.

"ஒரு விரல் போதும்," என்றாள்.

அவர் தானாக ஒரு கேள்வி கேட்டார் என்பதிலேயே அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் லாண்டரிக்காரியிடம் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். லாண்டரிக்காரி ஈரத் துணியை உதறிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில், உங்க ரெண்டு பேருக்கும் ஒரே கட்டிலா வாங்கியிருக்கலாமே அக்கா என்று மட்டும் சொன்னாள். படிக்கட்டில் ஏறாது என்று விளக்கிவிட்டு, அவளுக்குப் பொறாமை என்று முடிவு கட்டி, நாலுமூலை அக்கா மாடிக்குப் போய்விட்டாள்.

சில நாட்கள் அவர் உள்ளேதான் படுத்தார். வலது பக்கம், சுவரைப் பார்த்தபடி. அவள் தூங்கவில்லை. தூங்கினால் அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்க முடியாதே. அவர் புரண்டாலும் அவள் பக்கம் அசையவில்லை, அந்த வகையில் டைக்காரர் சொன்னது பொய்யில்லை. காலையில் அவர் எழுந்திருக்கும்போது எப்படி இருக்கிறது என்று கேட்பாள். நன்றாக இருக்கிறது என்பார். பரவாயில்லை என்பதிலிருந்து நன்றாக இருக்கிறது என்பதற்கு வர அவருக்கு அவ்வளவு வருஷமாகியிருந்தது. ஓட்டலில் அவள் அந்த நாட்களில் யாரையும் திட்டவில்லை. ஒரு பெண் மூலையை மடிக்காமல் விட்டதைக்கூடத் தானே மடித்துவிட்டு வந்தாள்.

பிறகு ஒரு நாள். காலை முறை முடிந்து, மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தாள். கூடம் வேறு மாதிரி இருந்தது போல் தோன்றியது. சோபா சமையலறைப் பக்கத்துச் சுவரோடு ஒண்டியிருந்தது. மகளுடைய ஜன்னலோர மூலையில் அவருடைய பாதிக் கட்டில் நின்றது. அதன் மேல் அவருடைய விறைப்பான மெத்தை, அதன் மேல் அவர். விடிகாலை முறை போய்விட்டு வந்து, வெறும் மெத்தை மேல், காற்றும் வெளிச்சமும் முகத்தில் படத் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. கை இரண்டும் இரண்டு பக்கமும் விழுந்து கிடந்தன. கடையில் அவள் பார்த்த அதே தூக்கம். அன்றைக்கு அவர் எப்போது தூங்கினார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மெத்தை பிடித்ததால் அவர் தூங்கவில்லை. அவள் எழுந்து போனதால் தூங்கினார்.

கைப்பையை வைக்காமலேயே அறைக்குள் போய்ப் பார்த்தாள். அவளுடைய பாதியை அவர் அப்படியே விட்டுவிட்டுப் போகவில்லை. அறையின் நடுவுக்குத் தள்ளி, சக்கரத்தைப் பூட்டி, பக்கத்தில் அவளுடைய ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் அவளுடைய மூக்குக்கண்ணாடியையும் தண்ணீர் செம்பையும் வைத்திருந்தார். பெரிய விரிப்பை மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தார். ஜிப்பைக் கடைசிவரை ஒழுங்காக இழுத்திருந்தார், எங்கும் துணி சிக்கவில்லை. ஆரம்பத்திலிருந்தே ஒருத்தருக்கான அறை மாதிரி இருந்தது. ஓட்டலில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி இதைச் செய்திருந்தால் அவள் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பாள். குறை சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. 

கூடத்துக்கு வந்து அவர் கால்மாட்டில் நின்றாள். நின்றதிலேயே அவர் விழித்துக்கொண்டார். பக்கத்தில் அவள் இருந்தால் போதும், அவருக்குத் தூக்கம் போய்விடும்.

"மெத்தை ரொம்ப நல்லாருக்கும்மா," என்றார். எழுந்து உட்கார்ந்தார். "நீ சொன்ன மாதிரிதான், ஒரு விரல் போதும்."

"மெத்தைதான் பிரச்சனைன்னு சொன்னீங்க."

 சைலன்சர் எப்போது பேசியிருக்கிறார்? ஆனால் இந்த முறை அவள் நகரவில்லை. கைப்பை தோளிலேயே தொங்க, பதில் வரும்வரை நிற்பது என்று நின்றாள்.

"அன்னிக்கு ஏன்னு கேட்டே," என்றார் கடைசியில். "ஏதாவது சொல்லணும்ல. மெத்தைன்னு வாயில வந்துடுச்சு."

"குத்துதுன்னீங்களே."

"எங்க படுத்தாலும் வலிக்கத்தான் செய்யும். அது சீட்டுல உட்கார்ந்து வந்தது."

"நான் என்ன பண்ணினேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல." அவர் உண்மையாகவே அவளைப் பார்த்துச் சொன்னார், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஏதாவது செய்திருந்தால் மாற்றிக்கொள்ளலாமே. "தனியாப் படுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வருது. ரொம்ப வருஷமாவே அப்படித்தான்."

"எவ்வளவு வருஷமா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். அவளுக்கு அந்தப் பழைய மெத்தை ஞாபகத்துக்கு வந்தது, இரண்டு குழியும் நடுவில் விறைத்துக்கொண்டு நின்ற மேடும். கையால் அமுக்கிப் பார்த்தாளே, அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது. பார்க்க மாட்டேன் என்று புரட்டிப் போட்டது அவள்தான்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"சொன்னா வருத்தப்படுவே."

சொல்லாததால் இப்போது அவள் சிரித்துக்கொண்டா நிற்கிறாள்? பழைய மெத்தையிலேயே படுத்து வருத்தப்பட்டிருக்கலாம். இப்படிக் கடை ஏறி, ஊர் பார்க்க அவர் பக்கத்தில் படுத்து, டைக்காரருக்கு வகுப்பெடுத்து, கொக்கியைக் கழற்றக் கற்றுக்கொடுத்து, கூடத்தில் அவருக்கு ஒரு நல்ல படுக்கையைத் தன் கையாலேயே தேடிப் போட்டுக் கொடுத்துவிட்டு வருத்தப்பட வேண்டியதில்லை. சோபாவில் இருந்தவரைக்கும் அது தற்காலிகம். கால் வலித்தால், கழுத்து பிடித்தால், எப்போதாவது திரும்பி வந்துதான் ஆக வேண்டும். இப்போது அவருக்கு எதுவும் வலிக்காது. இதையெல்லாம் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விழுங்கிவிட்டாள்.

அவர் அதற்குள் கையால் மெத்தையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ யோசனை போல. ஒருவேளை, ஒரே ஒரு வார்த்தை, ஆறுதலாக ஏதாவது சொல்லப்போகிறார் என்று அவள் நினைத்தாள். அந்த நேரத்திலும் அப்படி நினைத்ததற்காகப் பிறகு அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

"சிங்கிள் பெட்ஷீட் ஏதாவது இருக்கா?" என்றார். "அது பெருசா இருக்கு. இதுல போட்டா தரையில இழுபடுது."

அவள் திரும்பி அறைக்குப் போனாள். பச்சை விரிப்பை எடுத்து உதறி, தரையில் விரித்தாள். ஓரத்தோடு ஓரம் வைத்துச் சரிபாதியாக மடித்தாள், மடிப்பை நகத்தால் அழுத்திக் கீறினாள். சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்துவந்து, முட்டிபோட்டு உட்கார்ந்து, அந்தக் கோட்டிலேயே வெட்டிக்கொண்டு போனாள். புதுத்துணி, லேசில் வெட்டுப்படவில்லை. விரல் வலித்தது. சத்தம் கூடத்துக்குக் கேட்க வேண்டும் என்றே இழுத்து இழுத்து வெட்டினாள். அவர் ஓடிவந்து என்ன செய்கிறாய் என்று கேட்க வேண்டும். கேட்டால் அன்றைக்கு வீடு இரண்டுபட்டிருக்கும், இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துக் கேட்டிருப்பாள். யாரும் வரவில்லை. கடைசி நூல் வரை வெட்டி முடித்தாள்.

ஒரு பாதியைக் கையில் சுருட்டிக்கொண்டு போய் அவர் மேல் எறியாத குறையாகப் போட்டாள். அவர் எழுந்து, அதை உதறி, மெத்தை மேல் விரித்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். வெட்டிய ஓரம் நூல்நூலாகத் தொங்கியதை அவர் பார்க்காமல் இருக்க முடியாது. அவள் காத்திருந்தாள்.  அவர் குனிந்து, அந்த ஓரத்தை மெத்தைக்கு அடியில் மறையும்படி செருகினார். பிறகு மூலைகளை மடித்தார், அவள் மடிக்கிற மாதிரியே, நாலையும்.

"கரெக்டா இருக்கு," என்றார். முகத்தில் நிஜமான திருப்தி இருந்தது. "நல்ல வேளை, புதுசா வாங்க வேண்டாம்."

அவள் கத்தரிக்கோலைச் சமையலறையில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அறைக்குள் வந்தாள். தரையில் கிடந்த இன்னொரு பாதியை எடுத்துத் தன் கட்டிலில் விரித்தாள். அதுவும் சரியாகத்தான் இருந்தது.